யாரும் உட்காராத சாயங்காலம்

அன்பு மகனுக்கு, அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சுகம், என் வலது முட்டியையும் உன் தாத்தாவின் மீசையையும் தவிர. அவை இரண்டும் இந்தக் கதிக்கு எப்படி வந்தன என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் அங்கே சளி இருமல் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, துவைத்த துணியைக் காய்ந்த பிறகு போட்டுக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்பத்தானே முடியும், பார்க்கவா முடிகிறது. நீ கட்டிக்கொள்ள நினைக்கிற பெண்ணைப் பெற்றவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். என்ன ஆயிற்று, சம்மதமா இல்லையா என்று நீ தினமும் போன் பண்ணிக் குடைகிறாய், நான் பிடி கொடுக்கவில்லை என்று கோபமாக இருப்பாய். காரணம் இருக்கிறது. அவர்கள் வழக்கப்படி பதிலைப் பையனைப் பெற்றவள்தான் பையனுக்குச் சொல்ல வேண்டுமாம், அதுவரை தங்கள் பெண்ணிடம்கூட அவர்கள் வாய் திறக்க மாட்டார்களாம். இப்படி ஒரு நல்ல வழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் வாயில் சர்க்கரையைப் போட வேண்டும். போனில் சொன்னால் ‘சுருக்கமா சொல்லும்மா’ என்பாய், உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு வரிக்கு வரி திருத்தம் சொல்வார். கடிதத்தில் என்னை யாரும் நிறுத்த முடியாது. கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, வரிசையாகப் படி. தாவினால் எனக்குத் தெரிந்துவிடும், உன்னைப் பெற்றவள் நான்.

பழி முதலில் உன் மேல்தான். நீ என்ன சொன்னாய்? அவர்கள் பயபக்தியான குடும்பம் அம்மா, சொத்தைப் பார்க்க மாட்டார்கள், படிப்பைப் பார்க்க மாட்டார்கள், வீட்டில் பயபக்தி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள், அது இல்லாத வீட்டுக்குப் பெண் கொடுக்கவே மாட்டார்கள், நம் வீட்டைப் பற்றி ஆகா ஓகோ என்று சொல்லி வைத்திருக்கிறேன், என் மானத்தைக் காப்பாற்று என்றாய். உடனே மீட்டிங் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டாய். நம் வீட்டு லட்சணம் உனக்குத் தெரியாதா? எனக்குச் சாமி நினைவு வருவது உனக்குக் காய்ச்சல் வந்தபோதும் பரீட்சை வந்தபோதும்தான். உன் அப்பா கண்ணாடிக் கடையில் விலை உயர்ந்த லென்ஸை வெட்டும்போது சாமி பெயரைச் சொல்வார், லென்ஸ் உடைந்துவிட்டால் வேறு யார் யார் பெயரையோ சொல்வார். அவ்வளவுதான் நம் பக்தி. அவர்கள் ஊர் வேறு, மொழி வேறு, கும்பிடுகிற விதம் வேறு. உட்கார்ந்து கும்பிடுகிறவர்களா, விழுந்து கும்பிடுகிறவர்களா, எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுகிறவர்கள் என்றாவது ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம் நீ.

நீ சொல்லவில்லை, அதனால் கட்டிடத்தில் விசாரித்தோம். நம் கட்டிடத்தில்தான் படிக்கு ஒரு பக்தி இருக்கிறதே. பக்கத்து வீட்டு நர்சம்மா, பக்தி என்றால் அதிகாலையில் எழுந்து யாருக்கும் தெரியாமல் மண்டி போடுவது, வெளியே தெரிந்தால் அது பக்தியே இல்லை என்றார்கள். யாருக்குமே தெரியாவிட்டால் வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன், அவர்களுக்கு என் மேல் வருத்தம். கீழ்த்தளத்து மருந்துக்கடைக்காரர் பக்தி என்றால் நேரம் தவறாமை என்றார். நேரம் வந்தால் இருமல் மருந்து கேட்டு நிற்கிறவரை அப்படியே விட்டுவிட்டுக் கை கால் கழுவிக்கொண்டு குனிந்துவிடுவார், அது உனக்கே தெரியும். மாடி வீட்டுப் பாட்டு டீச்சர் கண்ணீர் வருகிற வரைக்கும் பாட வேண்டும் என்றாள். அவள் பாடினால் எனக்குக் கண்ணீர் வருகிறது, அது வேறு கதை. வாட்ச்மேன் மட்டும் பக்தி வயிற்றில் இருக்கிறது, பட்டினி கிடந்தால்தான் உள்ளே வெளிச்சம் வரும் என்றார். உன் அப்பா அன்று மத்தியானம் சாப்பிடாமல் இருந்து பார்த்தார், வெளிச்சம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது, அதுவும் என் மேல் வந்தது. கடைசியில் எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோரிடமும் ஒவ்வொன்று இரவல் வாங்கினோம். நர்சம்மா தடிமனான ஒரு புனித நூல் கொடுத்தார்கள், மருந்துக்கடைக்காரர் அழகான எழுத்து எழுதிக் கண்ணாடி போட்ட ஒரு சட்டம் கொடுத்தார், டீச்சர் ஒரு விளக்கும் மணியும் கொடுத்தாள். இத்தனையையும் வைக்க இடம் ஏது? ஹாலில் என் தையல் மெஷின்தான் கிடைத்தது. அதன் மேல் பலகை போட்டு, எவளோ தைக்கக் கொடுத்துவிட்டு வாங்காமல் விட்டுப்போன மஞ்சள் திரைத்துணியைத் தரை வரைக்கும் தொங்கவிட்டு, எல்லாவற்றையும் அடுக்கி, பூ வைத்துப் பார்த்தால் எனக்கே மெய் சிலிர்த்தது. உன் அப்பா மட்டும் இத்தனை பேரும் ஒரே மேஜையில் ஒத்துப்போவார்களா என்று கவலைப்பட்டார். கட்டிடத்தில் ஒத்துப்போகவில்லையா, தண்ணீர் வராத நாளில் மட்டும்தானே சண்டை என்றேன்.

மேஜை தயார், ஆனால் தாத்தா இருக்கிறாரே. அவரைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் நீ அவரிடம் பேசி எத்தனை காலம் ஆயிற்று, மறந்துகூடப் போயிருக்கலாம். பஸ்ஸை விட்டு இறங்கி எவ்வளவோ காலம் ஆகியும் மனிதர் இன்னும் கண்டக்டர்தான். ஏறினவர்கள் எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் கண்டக்டர் உட்கார வேண்டும் என்று இன்றைக்கும் சாப்பாட்டு நேரத்தில் பிரிட்ஜ் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், நான் கடைசிக் குழம்புப் பாத்திரத்தையும் கொண்டுவந்து வைத்துவிட்டு உட்கார்ந்தால்தான் அவர் உட்காருவார். வழிபாட்டுத் தலம் எதற்குள்ளும் அவர் மழைக்கு ஒதுங்கியதைத் தவிர நுழைந்ததில்லை. கேட்டால், ஏறினவங்களை எல்லாம் பத்திரமா இறக்கி விட்டிருக்கேன், என்னை எங்கே இறக்கணும்னு மேலே இருக்கிறவருக்குத் தெரியாதா என்பார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அவருக்குப் பொய் வராது என்பதுதான் பெரிய ஆபத்து. டிக்கெட் இல்லாமல் ஒரு குருவியைக்கூட ஏற்றாதவர். உன் அப்பா பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ஒரு நாள் பாஸை வீட்டில் வைத்துவிட்டு அவர் பஸ்ஸிலேயே ஏறிவிட்டார். சொந்தப் பிள்ளை என்றும் பாராமல் கொட்டுகிற மழையில் பாதி வழியில் இறக்கிவிட்டார். இன்றைக்கும் மழை பெய்தால் உன் அப்பா அந்தக் கதையைச் சொல்வார், தாத்தா, இறக்கினது சரிதான் என்பார். இப்படிப்பட்டவர் வந்தவர்கள் முன்னால், எங்க வீட்ல யாருங்க சாமி கும்பிடுறா, இது தையல் மெஷினுங்க என்று போட்டு உடைத்துவிட்டால்? அதனால் உன் அப்பாவும் நானும் யோசித்து, அவர்கள் வருகிற அன்று மத்தியானம் முடி வெட்டிக்கொள்ளச் சொல்லி அவரை முக்குச் சலூனுக்கு அனுப்பினோம். சலூன்காரர் நம் ஆள். நாங்கள் போன் பண்ணுகிற வரைக்கும் விடாதீர்கள் என்று சொல்லி வைத்தோம். அவர் தலையில் என்ன இருக்கிறது இவ்வளவு நேரம் வெட்ட என்று சலூன்காரர் கேட்டார். அது உங்கள் திறமை என்று சொல்லிவிட்டோம்.

சாயங்காலம் வந்தார்கள். பெண்ணின் அப்பா, அம்மா, கூடவே ஒரு அத்தை. அப்பா ஊரில் பேக்கரி வைத்திருப்பவர், நல்ல உயரம், கையில் பெரிய கேக் பெட்டி. அத்தை நம் மொழி தெரிந்தவள், ஆனால் பாடப்புத்தகத்தில் படித்தவள். உள்ளே வந்ததும் உட்காருங்கள் என்று சோபாவைக் காட்டினேன். சோபாவை விட்டு எட்டவே நின்றுகொண்டு மூன்று பேரும் புன்னகை செய்தார்கள். மறுபடியும் உட்காருங்கள் என்றேன். அத்தை, “நாங்கள் நிற்பதில் மகிழ்ச்சி அடைகிறோம்” என்றாள். உன் அப்பா என்னைப் பார்த்து, வழிபாடு முடியாமல் உட்கார மாட்டார்கள் போலிருக்கிறது என்று கண்ணாலேயே சொல்லிவிட்டு, மேஜை முன்னால் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன். அவர்களும் மூடிக்கொண்டார்கள். இப்போது எப்போது திறப்பது? அவர்கள் பெரிய பக்திமான்கள், நாம் முதலில் திறந்தால் மரியாதை போய்விடும் என்று நான் மூடியபடியே நிற்கிறேன். அடுப்பில் தேநீர் கொதித்து வழிகிற வாசனை வருகிறது, நகர முடியவில்லை. பொறுக்க முடியாமல் ஒரே ஒரு கண்ணை லேசாகத் திறந்து பார்த்தால், எதிரே பெண்ணின் அம்மாவும் ஒரே ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேரும் சட்டென்று மூடிக்கொண்டோம். அந்த நிமிஷத்திலேயே எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, என் புத்தி முழுக்க தேநீரில் இருந்தது. அதற்குள் உன் அப்பா பக்தி முற்றி ஒரு அடி முன்னால் வைத்தார். துணிக்குக் கீழே என் மெஷின் பெடல் இருந்தது. பிளக்கைப் பிடுங்கச் சொல்லியிருந்தேன், பிடுங்கினேன் என்று சொல்லியிருந்தார். கடகடவென்று மெஷின் ஓட ஆரம்பித்தது. மணி தானாக அடித்தது, புனித நூல் நகர்ந்து நகர்ந்து விளக்குப் பக்கம் போனது, உன் அப்பா பயத்தில் காலை எடுப்பதற்குப் பதிலாக இன்னும் அழுத்தினார். நான் பாய்ந்து போய் நூலைப் பிடித்தேன். வந்தவர்கள் மூன்று பேரும் இதுதான் எங்கள் வழிபாட்டின் உச்சக்கட்டம் என்று நினைத்து இடுப்பு வரைக்கும் குனிந்து வணங்கினார்கள்.

சரி, கும்பிட்டு முடித்தாகிவிட்டது, இனிமேல் உட்காருவார்கள் என்று பார்த்தால் அப்போதும் நின்றுகொண்டிருந்தார்கள். தேநீர் கொண்டுவந்தேன், நின்றுகொண்டே வாங்கினார்கள், நின்றுகொண்டே குடித்தார்கள். இது ஏதோ நிற்கிற விரதம் போலிருக்கிறது என்று உன் அப்பா என் காதில் சொன்னார். விருந்தாளிகள் விரதம் இருக்கும்போது நாம் மட்டும் உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்? நாங்களும் நின்றோம். ஆறு நாற்காலி, ஒரு சோபா, எல்லாம் காலி, ஐந்து பேர் கையில் கோப்பையோடு பஸ் ஸ்டாப்பில் நிற்கிற மாதிரி நின்றுகொண்டு மழையைப் பற்றிப் பேசினோம். மழை தீர்ந்ததும் விலைவாசியைப் பற்றிப் பேசினோம். பேக்கரிக்காரருக்கு நிற்பது பழக்கம், தூண் மாதிரி நிற்கிறார். எனக்கு முட்டியில் ஊசி குத்துகிற மாதிரி வலிக்க ஆரம்பித்துவிட்டது. முகத்தில் காட்டாமல் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றேன். பெண்ணின் அம்மா அதைக் கவனித்திருப்பாள் என்று நினைக்கிறேன், அவள் என் காலையே பார்த்தாள், பிறகு தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள், அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார், முடியாது என்கிற மாதிரி. அதற்குப் பிறகுதான் அத்தை தயங்கித் தயங்கி, இந்த இல்லத்தின் மூத்தவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டாள். உன் அப்பா யோசிக்கவே இல்லை, வழிபாட்டுக்குப் போயிருக்கிறார், வர ராத்திரி ஆகும் என்று அடித்துவிட்டார். அவர்கள் மூன்று பேரும் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு அத்தை, “அப்படியானால் காத்திருக்கிறோம். எங்கள் வழக்கத்தில் வீட்டின் மூத்தவர் அமரும் முன் இளையவர்கள் அமர்வது பெரும் பாவம்” என்றாள்.

அடப்பாவி மகனே, இப்போது புரிகிறதா? அவர்களுடைய பயபக்தி சாமியிடம் காட்டுகிறது இல்லை. வயசானவர்களிடம் காட்டுகிறது. அந்த வீட்டில் சாமி படம் உண்டோ இல்லையோ தெரியாது, கிழவர் உட்காருகிற நாற்காலி ஒன்று நிச்சயம் உண்டு, அதுதான் அவர்களுக்குப் பூஜை அறை. அவர்கள் நம் வீட்டில் எதைப் பார்க்க ரயில் ஏறி வந்தார்களோ அந்த ஒன்றைத்தான் உன் அப்பாவும் நானும் திட்டம் போட்டுத் தேடிப்பிடித்து சலூனில் ஒளித்து வைத்திருக்கிறோம். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உன் அப்பா திருதிருவென்று விழித்தார். நான் அவரைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய், போன் போட்டு மாமாவை விடச் சொல்லுங்கள் என்றேன். சலூன்காரர் போனை எடுத்ததுமே அழாத குறை. தலை முடிந்தது, காது முடிந்தது, கழுத்துக்கு மசாஜ் முடிந்தது, முகத்துக்கு இரண்டு தடவை சேவிங் முடிந்தது, இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று வேறு வழியில்லாமல் ஒரு காரியம் செய்துவிட்டேன், வந்து பார்த்துத் திட்டாதீர்கள் என்றார்.

வந்தபோதுதான் தெரிந்தது. தும்பைப்பூ மாதிரி இருந்த மீசை கன்னங்கரேலென்று நிற்கிறது. தாத்தா வாசலில் நின்று எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். பெண்ணின் அம்மா அத்தையிடம் ஏதோ கேட்டாள், அத்தை என்னிடம், இவர் உங்கள் கணவரின் தம்பியா என்று கேட்டாள். உன் அப்பாவின் நரைத்த தலையைப் பார்த்தால் யாருக்கும் அந்தச் சந்தேகம் வரும், அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. இல்லை, இவர்தான் என் மாமனார் என்றேன். உடனே மூன்று பேரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அத்தை பணிவாக, வழிபாடு நல்லபடியாக நடந்ததா ஐயா என்று கேட்டாள். நான் தாத்தாவின் பின்னால் நின்று தலையை ஆட்டுகிறேன், கண்ணைக் காட்டுகிறேன், ஒன்றும் பலிக்கவில்லை. “வழிபாடா? சலூன்ல உக்கார வச்சு மீசைக்கு மை அடிச்சாங்கம்மா” என்றார். நம் மானம் கப்பலேறியது.

இதற்கு மேல்தான் கூத்து. அத்தை நாற்காலியைக் காட்டி, ஐயா அமருங்கள் என்றாள். தாத்தா, நீங்க மொதல்ல உக்காருங்க என்றார். அவர்கள் உட்கார மாட்டார்கள், இவர் உட்காரவில்லையே. இவர் உட்கார மாட்டார், ஏறினவர்கள் நிற்கிறார்களே. அத்தை கெஞ்சுகிறாள், பேக்கரிக்காரர் நாற்காலியையே தூக்கிக்கொண்டு வந்து தாத்தாவுக்குப் பின்னால் வைக்கிறார், தாத்தா அதைத் திருப்பி அவருக்குப் பின்னால் வைக்கிறார். பிறகு நேராகப் போய்ப் பிரிட்ஜ் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவர் ஒரு முடிவோடு பிரிட்ஜைப் பிடித்தால் யாராலும் அசைக்க முடியாது. இந்தப் பக்கம் ஒரு பக்தி, அந்தப் பக்கம் ஒரு பக்தி, நடுவில் என் முட்டி. என் மகன் கல்யாணம் நாற்காலியில் உட்காருகிற தகராறில் நின்றுபோகப் போகிறதே என்று எனக்கு அழுகையும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. கேக் தட்டை எடுக்கலாம் என்று ஒரு அடி வைத்தேன். முட்டி மடங்கிவிட்டது. அப்படியே பொத்தென்று தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

விருந்தாளிக்கு முன்னால், மாமனாருக்கு முன்னால், எல்லோருக்கும் முதலில் உட்கார்ந்தவள் இந்த வீட்டு மருமகள். எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. தாத்தா பிரிட்ஜை விட்டார். நேராக வந்து, சோபாவிலிருந்த மெத்தைத் தலையணையை உருவி என் முட்டிக்குக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். “ஏம்மா, எத்தனை தடவை சொல்றது, கால்ல எண்ணெய் தேச்சுக்கோன்னு” என்றார். நீங்கள் மட்டும் காது கேட்கிற மெஷினை மாட்டுகிறீர்களா என்று நானும் பதிலுக்குக் கேட்டேன், கேட்டுக்கொண்டே அவர் சட்டையில் ஒட்டியிருந்த மீசை மையைத் துடைத்துவிட்டேன், பழக்கதோஷம். நிமிர்ந்து பார்த்தால் மூத்தவர் உட்கார்ந்துவிட்டாரே, பேக்கரிக்காரர் தரையில், அவர் பெண்டாட்டி தரையில், அத்தை தரையில். உன் அப்பா மட்டும் நின்றுகொண்டு ஆறு நாற்காலியையும் பார்த்துக்கொண்டிருந்தார், அவரையும் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தோம்.

தரையில் உட்கார்ந்த பிறகு பொய் எதற்கு? நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், இரவல் விளக்கிலிருந்து சலூன் வரைக்கும். அத்தை மொழிபெயர்க்க மொழிபெயர்க்க பெண்ணின் அம்மா முந்தானை மாதிரி எதையோ வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். அவர்கள் கதை இன்னும் மோசம். நாம் பெரிய சாமி பக்தர்கள் என்று நீ ஆகா ஓகோ என்று அளந்திருக்கிறாய் அல்லவா, அதைக் கேட்டு அவர்கள் ரயிலில் வரும்போது கண்ணை மூடி நிற்பதற்குப் பயிற்சி எடுத்திருக்கிறார்கள். பேக்கரிக்காரர் பயிற்சியிலேயே தூங்கிவிட்டாராம், இறங்க வேண்டிய ஸ்டேஷன் போய்விடப் பார்த்ததாம். பெண்ணின் அம்மா என்னைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் மூடிக் காட்டினாள். அதற்குப் பிறகு எங்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

கேக் வெட்டினோம். எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று நான் மூச்சு விடும்போது பேக்கரிக்காரர் தட்டைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மாற்றிக்கொண்டார். அவர் வந்தது ஒரே ஒரு கேள்வி கேட்பதற்காகவாம். அந்தக் கேள்விக்கான பதிலில்தான் முடிவு இருக்கிறதாம், அதுவும் மூத்தவர் மட்டும்தான் பதில் சொல்ல வேண்டுமாம். எங்கள் பெண்ணுக்கும் ஒரு நாள் வயசாகும், எங்களுக்கும் ஆகும், உங்கள் வீட்டுப் பையன் வயசானவர்களிடம் எப்படி இருப்பான் என்று எங்களுக்குத் தெரிய வேண்டும். தூர தேசத்துக்குப் போன பிறகு அவன் உங்களோடு பேசுகிறானா ஐயா? இதுதான் கேள்வி. அத்தை அதைச் சத்தமாக, நிறுத்தி நிறுத்தி, தாத்தாவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். நீ என்னிடம் பேசுவாய், அப்பாவிடம் பேசுவாய், தாத்தாவுக்குக் காது கேட்பதில்லை, கத்த வேண்டியிருக்கிறது, பக்கத்து அறைக்காரன் சிரிக்கிறான் என்று சொல்லிச் சொல்லி அவரிடம் பேசுவதை விட்டே எத்தனை காலம் ஆகிறது. கேட்டவர் நல்ல மனிதர், பதில் சொல்லப் போகிறவருக்குப் பொய் வராது. உன் கல்யாணம் நின்றுபோனது என்றே நினைத்தேன். தாத்தா என்னைப் பார்த்தார். கருப்பு மீசையை ஒரு தடவை தடவிக்கொண்டார். “வாரா வாரம் பேசுவான். ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா விடவே மாட்டான்” என்றார். என்ன பேசுவான் என்று பேக்கரிக்காரர் விடாமல் கேட்டார். சாப்பிட்டீங்களா, தூங்குனீங்களா, காது மெஷின் போட்டீங்களா, இப்படித்தான், உசிரை வாங்குவான் என்றார்.

அவர்கள் எழுந்து தாத்தாவின் காலைத் தொட்டு விடைபெற்றுப் போன பிறகு பாத்திரம் கழுவும்போது கேட்டேன், ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க என்று. பிரிட்ஜ் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். “ஏறிட்டானேம்மா. பாதி வழியில எப்படி இறக்கி விடுறது” என்றார். உன் அப்பா அங்கேதான் கேக் பெட்டியை மடித்துக்கொண்டிருந்தார். பெட்டியைப் பாதியில் விட்டுவிட்டுப் பால்கனிப் பக்கம் போய்விட்டார். எனக்கும் அன்று பாத்திரம் சரியாகத் தெரியவில்லை.

மறுநாள் அத்தை போன் பண்ணினாள். சம்மதம், பரிபூரண சம்மதம். ஒரே ஒரு நிபந்தனை, கல்யாணத்தில் தாத்தா முதலில் உட்கார வேண்டும், அவர் உட்காராமல் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரக்கூடாது. தாத்தாவோ விமானத்தில் ஏற மாட்டேன் என்கிறார், நடு வழியில் இறங்க முடியாத வண்டியில் அவருக்கு நம்பிக்கை இல்லை. அதனால் கல்யாணம் இங்கேதான், லீவுக்கு இப்போதே எழுதிப் போட்டு வை. அவரை எப்படி முதலில் உட்கார வைப்பது என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன், என் இன்னொரு முட்டியைக் கொடுக்க நான் தயாராக இல்லை. மீசையைப் பற்றிக் கவலைப்படாதே, சலூன்காரர் கழுவி விடுகிறேன் என்று வந்தார், தாத்தாதான் விட மாட்டேன் என்கிறார். நர்சம்மாவின் நூலைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது, ஓரத்தில் லேசாக எண்ணெய் பட்டிருக்கிறது, கேட்டால் நீ ஒன்றும் உளறாதே. அந்தப் பெண்ணுக்கு என் அன்பைச் சொல், அவள் அம்மாவை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்றும் சொல். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. நீங்கள் இரண்டு பேரும் எல்லா நலனும் பெற்று, சண்டை போட்டாலும் அன்றைக்கே சமாதானமாகி, நீண்ட காலம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன்.

ஒன்றை மறக்காதே. தன் வாழ்நாளில் டிக்கெட் இல்லாமல் அவர் ஏற்றிய ஒரே ஆள் நீ. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரும் சொல்லாமலே காது மெஷினை மாட்டிக்கொண்டு போன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நானும் உன் அப்பாவும் இன்னும் உட்காரக்கூட இல்லை.

இப்படிக்கு,
உன் வழியைப் பார்த்திருக்கும்
அம்மா